அது பூக்கும் நாளில் பூக்கட்டும்

மாடியிலும் வாசலிலும் பால்கனிக் கம்பியிலும் செடி வளர்க்கும் அன்பர்களுக்கு,



போன சனிக்கிழமை ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். எதிரே லாரி ஏறி வந்ததால் கொண்டை ஊசி வளைவு ஒன்றில் பேருந்து நின்றது. பாதையோரம் ஒருவர் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார். சாக்கின்மேல் பாசி படிந்த மரப்பட்டையோடு பத்துப் பதினைந்து ஆர்க்கிட் கொத்துகள். வேர்கள் அறுந்து தொங்கின. காரை நிறுத்தி இறங்கிய ஒரு குடும்பம் பேரம் பேசிக்கொண்டிருந்தது. "வீட்டுல வச்சா பூக்குமாண்ணா?" என்று அந்தப் பெண் கேட்டாள். "நல்லா பூக்கும்மா, தண்ணி மட்டும் ஊத்துங்க" என்றார் அவர். நான் வாய் திறப்பதற்குள் லாரி கடந்துவிட்டது, பேருந்து நகர்ந்துவிட்டது. அன்று அந்தப் பெண்ணிடம் சொல்ல முடியாமல் போனதைத்தான் உங்கள் எல்லோருக்கும் இந்த மடலில் எழுதுகிறேன்.

அவள் ஆசையில் குற்றமே இல்லை. நம் கையால் வளர்த்த செடி நம் வீட்டில் பூப்பதைப் பார்ப்பதைப்போல் மனதை நிறைப்பது வேறு எதுவும் எனக்குத் தெரியாது. அந்த ஆசையில்தான் நானும் பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு அதே மலைப்பாதையில் அப்படி ஒரு கொத்தை வாங்கினேன். நல்ல செம்மண்ணும் மக்கிய சாணமும் கலந்து தொட்டியில் நட்டேன். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். ஒரு மாதத்தில் இலை மஞ்சளானது. மூன்றாம் மாதம் தொட்டியைக் கவிழ்த்தபோது வேர்கள் கூழாகக் கையில் வந்தன. மண்ணே தொடாமல், மரக்கிளையில் காற்றும் மூடுபனியும் குடித்து வாழ்ந்த செடியை நான் மண்ணுக்குள் புதைத்திருந்தேன். அந்தக் கொத்து மலையில் எத்தனை வருடம் வளர்ந்திருக்கும் என்று யோசித்தபோது அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அதன்பிறகு ஆர்க்கிட் வேண்டாம் என்றே இருந்தேன். ஆனால் ஓர் ஆர்க்கிட் என்னைத் தேடி வந்தது. எங்கள் பக்கத்தில் சாலையை அகலப்படுத்துவதற்காகப் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். விழுந்து கிடந்த கிளை ஒன்றில் வெள்ளைக் கயிறுபோல் வேர்கள் சுற்றியிருந்தன. இரண்டு பக்கமும் அடுக்கடுக்காக, வார்போன்ற தடித்த இலைகள். நம் சமவெளி மரங்களில் காணக் கிடைக்கும் வாண்டா அது. கிளையைச் செடியோடு அறுத்துத் தரும்படி கேட்டேன். ரம்பம் பிடித்திருந்த தம்பிக்கு ஆச்சரியம். "ஏங்கக்கா, இந்தப் புல்லுருவியையா வீட்டுக்கு எடுத்துட்டுப் போறீங்க?"

அவன் கேட்டதைப்போலத்தான் பலரும் நினைக்கிறார்கள். மாமரத்தில் இதைப் பார்த்தால் மரத்தைக் கெடுக்கிறது என்று கழித்தெறிபவர்களும் உண்டு. புல்லுருவி மரத்துக்குள்ளேயே வேரை இறக்கி அதன் சாற்றை உறிஞ்சும். ஆர்க்கிட் மரத்தைப் பற்றிக்கொண்டு நிற்கும், அவ்வளவே. தனக்கு வேண்டிய உணவைத் தன் இலையிலேயே செய்துகொள்ளும். பட்டையில் வழியும் மழைநீரும் காற்றின் ஈரமும் அதற்குப் போதும். மரத்தைத் தொற்றி வாழும் செடியைச் சொல்லும் 'வந்தாகா' என்ற சமஸ்கிருதச் சொல்லிலிருந்துதான் வாண்டா என்ற பெயரே வந்தது. ராபர்ட் பிரவுன் என்ற தாவரவியலாளர் 1820-ல் இந்தப் பேரினத்தை அப்பெயரில் முறைப்படி வெளியிட்டபோது முதலில் விவரித்தது இந்தியாவிலிருந்து போன இதே புளியமரத்து வாண்டாவைத்தான். உலகெங்கும் பூக்கடைகளில் நீலமும் ஊதாவுமாக விலைபோகும் வாண்டாக்களுக்கெல்லாம் பெயர் கொடுத்த செடி, நம் ஊர்ச் சாலையோரத்தில் விறகோடு விறகாகக் கிடந்தது.

கிளையோடு கொண்டுவந்து மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே, காலை வெயில் மட்டும் படும் இடத்தில் கட்டித் தொங்கவிட்டேன். மண் இல்லை, தொட்டி இல்லை. காலையில் ஒரு முறை தண்ணீர் தெளிப்பேன். அந்த வேரை அப்போது கிட்டத்தில் பார்க்க வேண்டும். காய்ந்திருக்கும்போது வெள்ளியாக மினுங்கும் வேர், தண்ணீர் பட்ட சில நொடியில் பச்சையாக மாறும். வேரைச் சுற்றிப் பஞ்சுபோல் ஒரு உறை இருக்கிறது. அது நீரைக் குடித்ததும் உள்ளே இருக்கும் பச்சையம் வெளியே தெரிகிறது. குடித்து முடித்துவிட்டேன், போதும் என்று செடியே நமக்குச் சொல்வதுபோல இருக்கும். வேரை மண்ணில் புதைத்து, அந்தப் பச்சையைப் பார்க்காமலே ஊற்றிக்கொண்டிருந்ததுதான் முன்னால் நான் செய்த பிழை.

முதல் வருடம் பூக்கவில்லை. இரண்டாம் வருடமும் இல்லை. புது வேர் மட்டும் இரண்டு நீண்டது. மூன்றாம் வருடம் சித்திரையில், இலைக்கும் தண்டுக்கும் நடுவே பச்சை மூக்கு ஒன்று நீட்டியது. வேர் என்று நினைத்தேன். பத்து நாளில் அது காம்பாகி, காம்பில் ஏழு மொட்டு. ஒரு காலை மாடிக்கதவைத் திறந்ததும் முதலில் வாசனைதான் வந்தது, பிறகுதான் பூவைப் பார்த்தேன். இதழின் பின்பக்கம் வெள்ளை. முன்பக்கம் மஞ்சள் கலந்த பச்சையில் பழுப்புக் கட்டங்கள், கைத்தறிக் கட்டம்போட்ட துணியைப்போல. நடுவில் உதடாக நீண்ட இதழ் மட்டும் நீலமும் ஊதாவும் கலந்த நிறம். மூன்று வருடம் அந்தச் செடியோடு இருந்ததற்கு அந்த ஒரு காலை போதும்.

அந்தக் காலைதான் எனக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்தது. செடியை விலை கொடுத்து வாங்கலாம். அது பூப்பதை வாங்க முடியாது. அது தன் நாளில் பூக்கும். அந்த நாள்வரை அதற்கு வேண்டியதைக் கொடுத்துக்கொண்டு உடனிருப்பதுதான் நம் வேலை. மலைப்பாதையில் சாக்கு விரித்து விற்பவரிடம் நாம் வாங்குவது, மலை காத்திருந்த வருடங்களை. அவற்றை நம் வீட்டுக்குக் கொண்டுவர முடியாது.

காட்டு ஆர்க்கிட் ஒன்று முளைத்து வளர்வது எவ்வளவு பெரிய காரியம் என்பது தெரிந்தால் யாருக்கும் அதைப் பிய்க்கக் கை வராது. ஒரு காயில் லட்சக்கணக்கில் விதைகள் இருக்கலாம். ஊதினால் பறக்கும் தூசிதான் ஒவ்வொன்றும். நெல்லிலும் உளுந்திலும் முளைக்குத் துணையாக மாவு இருக்கிறதே, அதுபோல் கட்டுச்சோறு எதுவும் இந்த விதைக்குக் கிடையாது. மரப்பட்டையில் அதற்கு உரிய நுண்ணிய பூஞ்சை ஒன்று இருந்து, அது ஊட்டினால்தான் முளை வரும். லட்சத்தில் எத்தனை விதைக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கும்? முளைத்தபின் பூக்க இன்னும் பல வருடம். பட்டையோடு பிய்க்கிறவர் செடியோடு அந்தப் பூஞ்சை குடியிருந்த இடத்தையும் சேர்த்தே பிய்த்துவிடுகிறார்.

காட்டிலிருந்து பிய்க்க வேண்டிய தேவையும் நமக்கு இல்லை. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் நட்சன் என்ற அறிஞர் 1922-லேயே, பூஞ்சை இல்லாமலும் சர்க்கரையும் சத்தும் கலந்த கண்ணாடிக் குடுவைக்குள் ஆர்க்கிட் விதையை முளைக்கவைக்கலாம் என்று காட்டிவிட்டார். இன்று நர்சரிகளில் கிடைக்கும் டென்ட்ரோபியம், ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட்கள் பெரும்பாலும் அந்த வழியிலும் திசு வளர்ப்பிலும் வந்தவைதான். அவற்றை வாங்கினால் எந்த மலையும் மொட்டையாகாது. நம் ஊர் வெயிலுக்கு முதல்முறை வளர்ப்பவர்களுக்கு டென்ட்ரோபியம் ஏற்றது. ஓட்டுத் துண்டும் அடுப்புக்கரியும் தேங்காய் மட்டையும் போட்ட, பக்கவாட்டில் துளையுள்ள மண்சட்டி போதும். பசுமை வலைக்குக் கீழே தொங்கவிடுங்கள். பூ உதிர்ந்ததும் செடி முடிந்துவிட்டது என்று குப்பையில் போட்டுவிடாதீர்கள். அது ஓய்வெடுக்கிறது. அடுத்த தளிருக்கு இடம் கொடுங்கள்.

பிடுங்கிப் பிடுங்கி ஒரு பூவை எங்கே கொண்டுபோய் நிறுத்திவிட முடியும் என்பதற்கு நம் பொதிகை மலையே சாட்சி. 1865-ல் ஹீபர் டிரூரி என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி அகத்தியமலைப் பகுதியில் ஓர் ஆர்க்கிட்டைக் கண்டார். மஞ்சள் இதழ்களின் நடுவே கரும்பழுப்புக் கோடு ஓடும், கீழிதழ் சிறு செருப்பைப்போல் குழிந்திருக்கும் பூ. தென்னிந்தியாவின் ஒரே செருப்பு ஆர்க்கிட் அதுதான். அந்த மலைத்தொடரை விட்டால் உலகில் வேறெங்கும் அது தானாக வளர்வதில்லை. சேகரிப்பவர்களும் வியாபாரிகளும் அள்ளிக்கொண்டு போனதாலும் காட்டுத்தீயாலும் இன்று அது அழிவின் விளிம்பில் நிற்கிறது. செருப்பு ஆர்க்கிட்களை இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. ஆர்க்கிட் குடும்பம் முழுவதுமே சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு மலைப்பாதை வளைவிலும் சட்டம் வந்து நிற்க முடியாது. அங்கே நிற்பது நாம்தான், நம் பணப்பைதான்.

சரி, நம் மண்ணின் பூ வேண்டும் என்ற ஆசையை என்ன செய்வது? அதற்கு மலைக்குப் போகவே வேண்டாம். வீட்டுக்கு அருகே காலி மனையிலும் வரப்பிலும் ஏரிக்கரையிலும் நம் பூக்கள் யாரும் கேட்காமலே பூத்துக்கொண்டிருக்கின்றன. மனைகள் வீடாகி, வரப்புகள் மனையாகி, அவற்றுக்குத்தான் இன்று இடம் இல்லை. உங்கள் மாடியில் ஒரு தொட்டி அவற்றுக்குக் கொடுங்கள் என்று கேட்கவும்தான் இந்த மடலைத் தொடங்கினேன்.

எங்கள் சேலம், கொங்குப் பக்கத்தில் பொங்கலுக்கு முன் வீட்டு நிலையில் காப்புக் கட்டுவோம். பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றும் சேர்ந்த கொத்து. என் சிறு வயதில் போகியன்று காலை வரப்பில் நடந்துபோய்ப் பறித்து வந்தோம். இப்போது கடைவீதியில் கட்டுக்கட்டாக வாங்குகிறோம். நான்கு வருடத்துக்கு முன்பு ஒரு கட்டிலிருந்து உதிர்ந்த பூளைப் பஞ்சைக் குப்பையில் போடாமல் ஒரு பழைய வாளி மண்ணில் தூவினேன். மழை விழுந்ததும் முளைத்தது. சிறு சிறு வெள்ளைக் கதிர்களாக, பனி கட்டினதுபோல் வாளி நிறைந்து நின்றது. ஆவாரை விதையும் அப்படித்தான், பெரிய தொட்டியில் போட்டால் இடுப்பளவு வளர்ந்து மஞ்சளாகக் கொட்டும். ஆவாரை இலையில் ஒருவகை வெள்ளைப் பட்டாம்பூச்சி முட்டையிடும். புழு இலையைக் கடித்தால் மருந்து தேடி ஓடாதீர்கள். பூவோடு சேர்ந்து பட்டாம்பூச்சியும் பூக்கட்டும். இந்த மூன்று வருடமாக எங்கள் வீட்டுக் காப்புக்கொத்தில் வேப்பிலை மட்டும்தான் வெளியிலிருந்து வருகிறது.

தும்பைக்கு ஒரு அகலத் தொட்டி போதும், தேனீ நாள் முழுக்க அதில்தான் இருக்கும். விஷ்ணுகிரந்தி தரையோடு படர்ந்து, சட்டை பொத்தானைவிடச் சிறிய நீலப்பூக்களைக் காலையில் விரித்து உச்சிவெயிலுக்குள் மூடிக்கொள்ளும். அதைப் பார்க்க வேண்டுமென்றால் காபி டம்ளரோடு காலையிலேயே மாடி ஏற வேண்டும். அடுக்கு மாடியில் மூன்றடிக் கம்பிதான் இருக்கிறது என்பவர்களுக்குச் சங்குப்பூக் கொடி. இவை எல்லாவற்றுக்கும் விதையே போதும். சாலையோரச் செடியில் நாலு காய் பறித்துக்கொண்டு மீதியை அதற்கே விட்டுவிடுங்கள். செடியைப் பெயர்க்காதீர்கள்.

இந்தக் கூட்டத்தில் அரசி காந்தள்தான். தமிழ்நாட்டின் மாநில மலர். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிய 99 மலர்களில் முதலாவதாக நிற்பது. கார்த்திகையில் பூப்பதால் கார்த்திகைப்பூ என்றும் பெயர். மூலனூர்ப் பக்கத்து விவசாயியைக் கேட்டால் கண்வலிக் கிழங்கு என்பார். அங்கும் வேதாரண்யம் பக்கத்திலும் விதைக்காக இதைப் பயிரிடுகிறார்கள். விதையிலிருந்து எடுக்கும் கோல்ச்சிசின் மூட்டுவலி மருந்துக்குப் போகிறது. பூத்த காலத்தில் ஆட்கள் காலையிலேயே வயலில் இறங்கி, பூவுக்குப் பூ கையால் மகரந்தம் தொட்டுவைப்பார்கள். வீட்டில் வளர்க்க விரும்பினால் அப்படிப் பயிரிடும் விவசாயியிடம் கிழங்கு வாங்குங்கள். காட்டில் தோண்டியது வேண்டாம்.

கலப்பைபோல் வளைந்த அந்தக் கிழங்கை ஆடியில் நட்டால், முதல் மழைக்கு ஒரு ஈட்டி முளை வரும். கொடி உயரும்போது இலையைக் கிட்டப்போய்ப் பாருங்கள். இலையின் நுனியே நீண்டு, சுருண்டு, அருகில் இருக்கும் குச்சியைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது, இலையே கை. மொட்டு தலைகீழாகத் தொங்கும். விரியும்போது ஆறு இதழும் மேல்நோக்கி வளைந்து நெளிநெளியாக எழும். சூல்தண்டு நேரே போகாமல் ஒரே மடிப்பாகப் பக்கவாட்டில் திரும்பும். முதல் நாள் பச்சை கலந்த மஞ்சள். நாள் ஏற ஏற அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்பும். கடைசியில் முழுப்பூவும் எரியும் சிவப்பு. ஒரே கொடியில் எல்லா நிறத்திலும் பூக்கள் நிற்கும்போது விளக்கு வரிசையில் ஒவ்வொன்றாகத் திரி ஏற்றினாற்போல இருக்கும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். கிழங்கு, இலை, விதை எல்லாமே கொடிய நஞ்சு. சின்னக் குழந்தையோ நாயோ ஆடோ இருக்கும் வீட்டில் எட்டாத இடத்தில் வையுங்கள். கிழங்கைச் சமையலறைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். இன்னொன்று: பூத்து முடிந்ததும் கொடி காய்ந்து சருகாகிவிடும். என் தோழி ஒருத்தி, செத்துவிட்டது என்று தொட்டியோடு மண்ணைக் கொட்டிவிட்டாள். கிழங்கு மண்ணுக்குள் தூங்குகிறது. தண்ணீர் ஊற்றாமல் நிழலில் ஒதுக்கி வையுங்கள், அடுத்த மழைக்கு அதுவே எழுந்திருக்கும்.

இனி கள்ளிக்கு வருகிறேன். கையளவு சட்டியில் கள்ளி வைத்து அழகு பார்ப்பவர்கள் உங்களில் நிறையப் பேர். நம் கரட்டுக்காட்டுச் சதுரக்கள்ளியும் கடையில் விற்கும் உருண்டைக் கள்ளியும் பார்வைக்கு உறவுபோலத் தோன்றினாலும் வேறு வேறு குடும்பம். நம்முடையதைக் கீறினால் பால் வடியும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கடைக் கள்ளிகள் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. அந்தக் குடும்பத்தில் ஒரே ஒரு இனம்தான் கடல் கடந்து ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் தானாக வளர்கிறது. வறட்சியில் வாழ இரண்டு குடும்பங்களும் தனித்தனியே கண்டுபிடித்த வழி ஒன்றாக இருந்ததால் உருவமும் ஒன்றானது.

கடைக் கள்ளி ஒன்றைத் தலையில் பளீரென்ற சிவப்புப் பூவோடு போன வருடம் வாங்கினேன். பத்து நாள் ஆகியும் பூ வாடவில்லை. ஒரு மழை நனைத்ததும் அப்படியே கழன்று விழுந்தது. அடியில் பசை. காய்ந்த பூவை ஒட்டி விற்றிருக்கிறார்கள். ஏமாந்ததைவிட அந்தச் செடியைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை. முள்ளுக்கு நடுவே, புதுத் தளிர் வரும் இடத்திலேயே பசை அடைத்திருந்தது. கள்ளி பூக்காது என்று கடைக்காரர் நினைத்துவிட்டாரா? பூக்கும். மார்கழி, தையில் தண்ணீரை நன்றாகக் குறைத்து, நாள் முழுக்க வெயில் படும் இடத்தில் வைத்துப் பாருங்கள். என்னிடம் இருக்கும் மம்மிலாரியா என்ற இன்னொரு உருண்டைக் கள்ளி, பங்குனியில் தலையைச் சுற்றி இளஞ்சிவப்புப் பூக்களை வட்டமாகச் சூடிக்கொள்கிறது, சரம் வைத்த கொண்டையைப்போல. கள்ளியைக் கொல்வது பெரும்பாலும் வெயில் இல்லை, நம் குவளைத் தண்ணீர்தான்.

உங்களில் பலர் வீட்டில் இருக்கும் பிரம்மகமலமும் கள்ளிதான் என்று சொன்னால் நம்புவீர்களா? உண்மையான பிரம்மகமலம் இமயமலையின் உயரத்தில் பூப்பது, உத்தராகண்டின் மாநில மலர். நாம் அந்தப் பெயரில் அழைப்பது மெக்சிகோ, மத்திய அமெரிக்கக் காடுகளில் மரத்தைத் தொற்றி வாழும் முள்ளில்லாக் கள்ளி. இலை என்று நாம் நினைப்பது தட்டையான தண்டு. அதனால்தான் 'இலை'யின் ஓரத்திலிருந்து மொட்டு வருகிறது. மரநிழல் செடி என்பதால் உச்சிவெயில் ஆகாது. ஒரு போத்தை வெட்டி, காயம் ஆற நாலு நாள் நிழலில் போட்டு, பிறகு மணல் கலந்த மண்ணில் செருகினால் வேர்விட்டுக்கொள்ளும். எனக்கும் அப்படித்தான் பக்கத்துவீட்டு அம்மா கொடுத்தார்.

போன ஆடியில் எங்கள் செடியில் மூன்று மொட்டு. தொங்கிக்கொண்டிருந்த மொட்டின் கழுத்து மெல்ல வளைந்து தலை நிமிர்ந்தால் நாள் நெருங்கிவிட்டது என்று பொருள். அன்று மாலை மொட்டு பருத்து, நுனி லேசாக விட்டிருந்தது. தெருவில் நாலு வீட்டுக்குச் சொல்லி அனுப்பினேன். ஏழரை மணிக்கு நுனி திறந்தது. ஒன்பதரைக்கு உள்ளங்கை அகலம். எந்த நொடியிலும் அசைவது தெரியாது, கண்ணை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் விரிந்திருக்கும். பதினொரு மணிக்கு மாடி முழுக்க வாசனை. குழந்தைகள் டார்ச் அடித்து, உள்ளே பாம்பணையில் பெருமாள் படுத்திருப்பதைத் தேடினார்கள். சுக்குக் காபி இரண்டு முறை சுற்றுக்கு வந்தது. பேசாத இரண்டு வீட்டுக்காரர்கள் அன்று ஒரே பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்துவீட்டு அம்மா பூவின் கீழே கையை வைத்து, தொடாமல், "ஒரு ராத்திரிக்கா கண்ணு இது இத்தனை பாடு பட்டுச்சு?" என்றார். விடிந்தபோது மூன்றும் துவண்டு தொங்கின.

வெளியூர்ச் செடி என்பதால் அதை நான் குறைவாக நேசிக்கவில்லை. அன்போடு ஒரு கவனமும் வேண்டும், அவ்வளவே. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சிவப்புச் சாயம் தரும் பூச்சியை வளர்க்க, ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டமே போட்டார். சாயத் தொழில் நிலைக்கவில்லை. அமெரிக்காவிலிருந்து வந்த சப்பாத்திக்கள்ளிகள் மட்டும் தென்னாட்டு மேய்ச்சல் நிலங்களை அடைத்து நின்றன. 1926-ல் இலங்கையிலிருந்து ஒரு பூச்சியைக் கொண்டுவந்து விட்டபிறகே அவற்றின் பரவல் அடங்கியது. உன்னிச்செடியும் வெங்காயத்தாமரையும் அழகுக்காக வந்தவைதான். ஆகவே வெட்டிப் போட்ட கள்ளித் துண்டையும் வேண்டாத கொடியையும் ஏரிக்கரையில் வீசாதீர்கள். காயவைத்து உரக்குழியில் போடுங்கள்.

உங்களிடம் நான் கேட்பது மூன்றே மூன்று. மலைப்பாதையிலோ சந்தையிலோ வேர் அறுந்து பட்டை ஒட்டிய செடியைப் பார்த்தால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள். விற்பவர்மேல் கோபப்படவும் வேண்டாம், நாம் வாங்காவிட்டால் அவர் பிடுங்கமாட்டார். இந்த மழைக்காலத்துக்குள் ஒரு தொட்டியை நம் ஊர்ப் பூ ஒன்றுக்கு ஒதுக்குங்கள், பூளையோ தும்பையோ காந்தளோ, உங்கள் ஊர் வரப்பில் எது பூக்கிறதோ அது. உங்கள் செடி பூக்கும் நாளில் பக்கத்து வீட்டை மாடிக்கு அழையுங்கள். போகும்போது அவர்கள் கையில் ஒரு போத்தோ நாலு விதையோ கொடுத்தனுப்புங்கள். செடி கை மாறி வந்தால் யாரும் மலை ஏறிப் பிடுங்க வேண்டிய தேவையில்லை.

குறிஞ்சி ஒன்றை மட்டும் தொட்டிக்குக் கொண்டுவர நினைக்காதீர்கள். பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை மலை முழுக்கச் சேர்ந்து பூப்பது அது. 2018-ல் பூத்த மலைகளில் இனி 2030-ல். அதைப் பார்க்க நாம்தான் போக வேண்டும், வெறுங்கையோடு போய் வெறுங்கையோடு திரும்ப வேண்டும்.

இதை எழுதும் இந்தப் பங்குனிக் காலையில் என் மாடியில் ஒரு தொட்டி வெறும் மண்ணோடு ஒதுங்கி இருக்கிறது. பார்ப்பவர்களுக்குக் காலித் தொட்டி. அதற்குள் காந்தள் தூங்குகிறது. தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே, வாண்டாவின் மூன்றாம் இலை இடுக்கில் பச்சை மூக்கு ஒன்று எட்டிப் பார்க்கிறது. வேரா, பூக்காம்பா என்று இன்னும் தெரியவில்லை. தெரிந்ததும் உங்களுக்குச் சொல்கிறேன், பார்க்க வாருங்கள்.

அன்புடன்,
உங்களைப்போல் செடி வளர்க்கும் ஒருத்தி
சேலம்